வேப்பிலையும் தகரமும்

கொள்ளைநோயின் சரித்திரத்தை மருத்துவத்தின் சரித்திரமாக மட்டுமே எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நோய் கண்ட வீட்டோடு மற்ற வீடுகள் எவ்விதம் பழகின என்பது அதில் விடுபட்டுப்போகிறது. இந்தியாவில் 1975ல் கடைசியாகக் காணப்பட்ட பெரியம்மையை எடுத்துக்கொள்ளலாம்.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகப்படும். சமையலில் தாளிப்பு கிடையாது. வெளியார் உள்ளே வருவதில்லை. வீட்டாரும் பிறர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதில்லை. பொருக்கு உதிர்ந்து தலைக்குத் தண்ணீர் விடும்வரை இந்தக் கட்டு. பொருக்கு முழுவதும் உதிர மூன்று வாரமாகும், அதுவரை தொற்று உண்டு என்பது நவீன மருத்துவமும் ஒப்புகிற கணக்குத்தான். ஆனால் வழக்கம் இதைத் தொற்று என்று சொல்லவில்லை. 'அம்மா வந்திருக்கிறாள்' என்றது. கொப்புளத்தை முத்து என்றது. ஆகவே விலக்கிவைக்கப்பட்டவன் இழிந்தவன் ஆகவில்லை.

இதைக் கொண்டாடுவதற்கில்லை. கண்டவர்களில் பத்துக்கு மூவரைக் கொன்ற நோய் அது. தெய்வம் என்ற அதே சொல், 1802ல் சென்னைக்கு வந்த அம்மை குத்துதலுக்குத் தடையாகவும் நின்றது. குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லிஸ் இதைப் புரிந்துகொண்டு, அம்மைப்பாலைத் தேவியின் அருளாகவே காட்டும் ஒரு கதையை, சக்திக்கும் தன்வந்திரிக்கும் இடையிலான உரையாடலாகப் புனைந்தார். சாமர்த்தியமான காரியம், ஆனால் பிறர் நம்பிக்கையைத் தான் நம்பாமலே பயன்படுத்துகிற சாமர்த்தியம். அவர் 1819ல் ராமநாதபுரத்தில் இறந்தார்.

விலகியிருக்க இடமும் வேண்டும். வலையபட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களின் வீடுகள் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீள்பவை. ஒரே கூரையின் கீழ் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அறை, தனி அடுப்பு. ஓர் அறையை ஒதுக்கிவிட்டு மற்ற அடுப்புகள் எரியலாம். அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளின் ஓரறைக் குடிசையில் எதை ஒதுக்குவது? இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளுக்கோ அந்த ஓரறையும் இல்லை. மண்டபம் முகாமில் அடைத்துக் கண்காணித்த பிறகே அவர்களைக் கப்பலேற்றினார்கள். அங்கே வேப்பிலையின் மரியாதை இல்லை; தலையெண்ணிக்கை மட்டும்தான்.

2020ல் நமக்குக் கிருமியின் பெயர் தெரிந்திருந்தது. சென்னையில் நோய் கண்ட வீடுகளின் வாசலில் தகரம் அடித்தார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள். அண்டை வீட்டார் 'பாசிட்டிவ் வீடு' என்றார்கள். அந்த ஏப்ரலில், கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைக் கொண்டுபோன ஆம்புலன்ஸைக் கூட்டம் கல்லால் அடித்தது. கல்லெறிந்தவர்கள் தொற்று என்ற சொல்லை அறியாதவர்கள் அல்லர்.

அறிவு பயத்தைக் குறைக்கும் என்ற எளிய நம்பிக்கையை இந்தச் சம்பவம் சந்தேகத்துக்குள்ளாக்குகிறது. மாரி போய்விட்டாள், அவளை மீண்டும் அழைக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் பெயரால் நடந்த ஒரு காரியம், விலகி நிற்கும்போதே விலக்கப்பட்டவனை மதிப்பது, இப்போது யார் பொறுப்பிலும் இல்லை. 'தனிமைப்படுத்துதல்' என்று சர்க்கார் ஒரு சொல் தந்தது. சாத்திய கதவுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவனிடம் சொல்வதற்கு அது உதவாது. அதற்கான சொல்லை நம் கவிதையும் இன்னும் தேடியதாகத் தெரியவில்லை.