சிறு கடன் சங்கங்களைத் தாங்கிய துணைநிலையங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

பொருளாதார வரலாறு எழுதுவோர் பெருநகரங்களின் வங்கிகளையும், அரசிறைத் திட்டங்களையும், ஏற்றுமதிப் பயிர்களையுமே பெரிதும் ஆராய்வர். ஒரு சிற்றூரிலே முப்பது நாற்பது குடும்பத்தார் ஒன்றுகூடித் தம் சில்லறைச் சேமிப்பைத் தமக்குள்ளே கடனாகக் கொடுத்து வாங்கும் சங்கம் அவர்தம் நூல்களில் ஓர் அடிக்குறிப்பளவே இடம்பெறும். அத்தகைய சங்கத்திற்கு மாளிகை இல்லை, சம்பளம் பெறும் முகாமையாளர் இல்லை, பெருமுதலும் இல்லை. எனினும், சில நாடுகளில் இச்சங்கங்கள் நூறாண்டைக் கடந்து நிலைத்திருக்கின்றன. வேறு சில நாடுகளில் தோன்றிய பத்தாண்டுக்குள்ளேயே ஏட்டளவிற் சுருங்கின. இவ்வேறுபாட்டின் காரணம் யாது என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

முதலின் குறைவே காரணம் எனப் பலர் கருதுவர். ஆயின், அரசு பெரும் பணத்தைக் கொட்டிய இடங்களிலும் சங்கங்கள் மடிந்தன. பணமே இல்லாத இடங்களிலும் சங்கங்கள் தழைத்தன. கணக்கெழுதக் காரியதரிசிக்குக் கற்பித்தவர் யார், எழுதிய கணக்கை ஆண்டுதோறும் வந்து பார்த்தவர் யார், தவறு கண்டபோது திருத்தியவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணுமிடத்தே சங்கங்களின் ஆயுளின் இரகசியமும் வெளிப்படும். ஜேர்மனி, இந்தியா, கனடா, இலங்கை ஆகிய நாடுகளின் வரலாறு இதனை விளக்கப் போதியதாகும்.

றைபைசனும் நொய்வீட் நிலையமும்

றைன் நதிப் பிரதேசத்தைச் சார்ந்த வெஸ்ரர்வால்ட் மேட்டுநிலத்தில் 1818ஆம் ஆண்டு பிறந்த பிரெடெறிக் வில்லெம் றைபைசன், 1845இல் வையர்புஷ் என்னும் ஊர்ப்பகுதியின் மேயரானார். 1846–47ஆம் ஆண்டுக் குளிர்காலத்திற் பஞ்சம் பரவியபோது, வசதியுடையோரிடம் பணந்திரட்டி மாவு வாங்கி, ஏழைகளுக்குப் பின்னர் பணம் செலுத்தும் உடன்பாட்டில் ரொட்டி வழங்கினார். 1849இல் பிளாமர்ஸ்பெல்ட்டிலும், 1854இல் ஹெடஸ்டோர்பிலும் உதவிச் சங்கங்களை நிறுவினார். இவையாவும் செல்வர் கொடுக்க வறியோர் பெறும் அறநிலையங்களாகவே இருந்தன. அறம் செய்வாரது ஊக்கம் குன்றியபோது சங்கமும் குன்றியது. ஆதலின் 1864இல் ஹெடஸ்டோர்ப் சங்கத்தை அவர் திருத்தியமைத்தார். கடன் பெறுவோரே உறுப்பினராதல் வேண்டும், உறுப்பினர் அனைவரும் சங்கத்தின் கடனுக்கு வரையறையின்றிப் பொறுப்பேற்றல் வேண்டும் என்னும் விதிகள் அவ்வமைப்பின் ஆணிவேராயின.

ஒவ்வொரு சங்கமும் ஓர் ஊரளவில் அமைந்தது. ஒருவர் குணத்தை மற்றவர் அறிந்திருத்தலே அங்கு பிணை. நிருவாகிகள் ஊதியமின்றிப் பணியாற்றினர். கணக்காளர் ஒருவருக்கு மாத்திரம் சிறு ஊதியம் வழங்கப்பட்டது. அக்கணக்காளர் பல ஊர்களிற் கிராமப் பள்ளி ஆசிரியராகவே இருந்தார். எழுத்தும் எண்ணும் அறிந்தவர் ஊரில் அவரே என்பதால் இது இயல்பாக நேர்ந்தது.

றைபைசனின் பெருமை சங்கம் கண்டதோடு முடிந்துவிடவில்லை. 1866இல் அவர் வெளியிட்ட நூல், கடன் சங்கத்தின் தத்துவத்தை மட்டுமன்றி, அதனை அமைக்கும் முறையையும் தம் பதினாறாண்டு அனுபவத்தின் துணைகொண்டு எடுத்துரைத்தது. கண்ணொளி மங்கிய நிலையிலும், மகள் அமாலியாவின் துணையுடன் அந்நூலைத் திருத்தித் திருத்திப் பதிப்பித்தார். 1872இல் ஒரு நடுவண் வங்கி தோன்றிற்று. பணம் மிகுந்த ஊரின் சேமிப்பு, பணம் குறைந்த ஊருக்குச் செல்ல அது வழிசெய்தது. 1877இல் நொய்வீட் நகரிற் சங்கங்களின் சமாசம் ஒன்று நிறுவப்பட்டது. ஆலோசனை கூறுதல், சட்டத் துணை புரிதல், கணக்குப் பரிசோதனை செய்தல் ஆகியன அதன் பணிகள். 1879 முதல் அச்சங்கங்களுக்கெனப் பத்திரிகையொன்றும் வெளிவந்தது. இவ்வாறு நூல், வங்கி, சமாசம், பத்திரிகை ஆகிய நான்கும் தனித்து நின்ற சிற்றூர்ச் சங்கத்தைத் தாங்கும் தூண்களாயின.

சட்டமாகிய கணக்காய்வு

நகர்ப்புறக் கைவினைஞரிடையே கடன் சங்கங்களை 1850 முதல் வளர்த்தவர் ஹெர்மன் சூல்ட்சே–டெலிட்ச் ஆவார். அரசின் பணத்தையும் அறத்தார் பணத்தையும் அவர் ஒருங்கே மறுத்தவர். றைபைசனுக்கும் அவருக்கும் இடையே பங்கு முதல், கடன் தவணை முதலியன பற்றிக் கடும் வாதம் நிகழ்ந்தது. ஆயினும், கணக்கைச் சங்கத்துக்குப் புறம்பான ஒருவர் பார்த்தல் வேண்டும் என்பதில் இரு மரபும் ஒன்றுபட்டன.

1889ஆம் ஆண்டின் ஜேர்மன் கூட்டுறவுச் சட்டம் இதனைக் கட்டாயமாக்கிற்று. ஒவ்வொரு சங்கமும் குறைந்தது ஈராண்டுக்கு ஒருமுறை தகுதி வாய்ந்த பரிசோதகரால் ஆராயப்பட வேண்டும். சமாசத்தில் இணைந்த சங்கத்திற்குச் சமாசமே பரிசோதகரை நியமிக்கலாம். இணையாத சங்கத்திற்கு நீதிமன்றம் நியமிக்கும். 1934ஆம் ஆண்டுத் திருத்தம் அனைத்துச் சங்கங்களையும் கணக்காய்வுச் சமாசமொன்றில் இணையுமாறு பணித்தது. இங்கு கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அப்பரிசோதனை கூட்டல் கழித்தலைச் சரிபார்ப்பதோடு அமையவில்லை. சங்கத்தின் அமைப்பு, நிருவாக முறை ஆகியவற்றையும் அது ஆராய்ந்தது. கடன் தகுதியுடையோர்க்குக் கொடுக்கப்பட்டதா, நிருவாகக் குழு கூடியதா என்பனவும் பரிசோதகரின் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆகவே, பரிசோதகர் குற்றங்காண வந்த காவலராக மட்டுமன்றி, ஊர்க் கணக்காளருக்கு ஆசானாகவும் விளங்கினார்.

இந்தியாவில் நேர்ந்த மாற்றம்

சென்னை மாகாண அரசின் பணிப்பின்பேரில் பிரெடெறிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895, 1897ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். றைபைசனைப் போன்ற தொண்டர் இந்நாட்டிலும் காணப்படல் வேண்டும் என்பதே அவர் கண்ட முடிபு. ஆயினும், 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அத்தொண்டரின் இடத்திலே பதிவாளர் என்னும் அரசாங்க உத்தியோகத்தரை அமர்த்திற்று. சங்கத்தைப் பதிவு செய்பவரும் அவரே. கணக்கைப் பார்ப்பவரும் அவரே. வேண்டின் கலைப்பவரும் அவரே. ஊரார் தாமாகவே சமாசம் அமைக்கும் நிலையில் இல்லாத காலத்தில் இவ்வேற்பாடு தவிர்க்கவியலாதது எனலாம். ஆயினும் அதனால் ஒரு தீங்கும் விளைந்தது. சங்கத்தை அரசாங்கத்தின் ஒரு கிளையாகவும், கடனை அரசாங்கத்தின் கொடையாகவும் மக்கள் எண்ணத் தலைப்பட்டனர்.

இக்குறையை உணர்ந்தோர் சங்கங்களே கூடித் தம்மைத் தாமே மேற்பார்வை செய்ய வேண்டுமென முயன்றனர். சென்னை மாகாணத்தின் உத்திரமேரூரில் 1910இல் தோன்றிய மேற்பார்வை யூனியன் இவ்வகையில் முன்னோடியாகும். 1914–15இல் ஆராய்ந்த மக்லகன் குழுவும் கணக்காய்வு, மேற்பார்வை, உறுப்பினர் கல்வி ஆகியவற்றையே வற்புறுத்தியது. அவ்வறிவுரை போதிய அளவு பின்பற்றப்படவில்லை. 1951–52இல் நடைபெற்ற அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு, கிராமத்தவர் பெற்ற கடனில் நூற்றுக்கு 3.1 வீதமே கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்து கிடைத்ததெனக் காட்டியது. அரை நூற்றாண்டு உழைப்பின் பின்னரும் வட்டிக் கடைக்காரரே கிராமத்தின் வங்கியாக இருந்தனர் என்பது இவ்வெண்ணின் பொருளாகும்.

அந்திகோனிஷ்: கற்றபின் சங்கம்

கனடாவின் கீழ்க்கரையில் உள்ள நோவா ஸ்கோசியா மாகாணத்தில் நிகழ்ந்த முயற்சி வேறுவகையினது. அங்கு மீனவரும் உழவரும் சுரங்கத் தொழிலாளரும் கடனில் மூழ்கியிருந்தனர். அந்திகோனிஷ் நகரிலுள்ள புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் 1928இல் விரிவுரைப் பரப்பலுக்கெனத் தனித் துறையொன்றை நிறுவி, மோசெஸ் கோடி என்னும் குருவானவரை அதன் தலைவராக்கியது. அவரது உறவினரான ஜேம்ஸ் தொம்ப்கின்ஸ், பல்கலைக்கழகம் மக்களிடம் செல்லவேண்டுமென நெடுங்காலம் வாதிட்டவர்.

கோடியின் முறை எளியது. பத்துப் பன்னிருவர் கொண்ட படிப்பு வட்டம் ஒருவர் வீட்டுச் சமையற்கட்டிற் கூடும். பல்கலைக்கழகம் அனுப்பிய சிறு நூலை ஒருவர் வாசிப்பார். மற்றையோர் தம் தொழிலோடு பொருத்தி வாதிப்பர். குளிர்காலம் முழுவதும் வட்டி, சேமிப்பு, கணக்கேடு முதலியவற்றைக் கற்றபின்னரே கடன் சங்கம் தொடங்குவர். ஐக்கிய அமெரிக்காவிற் கடன் சங்கங்களைப் பரப்பிய றோய் பெர்கென்கிறென் சட்ட வரைவிற்குத் துணைபுரிய, 1932இல் நோவா ஸ்கோசியாவின் கடன் சங்கச் சட்டம் நிறைவேறிற்று. 1934இல் சங்கங்கள் தமக்கென மாகாணச் சமாசமொன்றை அமைத்துக்கொண்டன. உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, செப்புக் காசுகளைச் சேர்த்த மக்கள் இதனைச் சாதித்தனர். கோடி மறைந்த 1959ஆம் ஆண்டில் அவர் பெயரால் நிறுவப்பட்ட நிலையம், ஆசிய ஆபிரிக்க நாடுகளின் ஊழியர்க்கும் இப்பயிற்சியை வழங்கியது.

ஜேர்மனி கணக்காய்வை முதன்மையாக்கியது. அந்திகோனிஷ் கல்வியை முதன்மையாக்கியது. முன்னது சங்கம் தோன்றியபின் காக்கும் மருந்து. பின்னது தோன்றுமுன் ஊட்டும் உரம். இரண்டும் ஒன்றற்கொன்று துணையேயன்றி மாறுபட்டன அல்ல.

இலங்கையின் அனுபவம்

இலங்கையில் 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு ஐக்கிய நாணய சங்கங்கள் சட்டவுரிமை பெற்றன. தொடக்கத்தில் அவை விவசாயத் திணைக்களத்தின் கீழிருந்தன. 1930இல் கூட்டுறவுக்கெனத் தனித் திணைக்களம் ஏற்பட்டது. டபிள்யு. கே. எச். காம்பெல் பதிவாளராக இருந்த காலத்தில், சங்கங்களின் தொகையிலும் அவற்றின் தரமே பெரிதெனக் கொள்ளப்பட்டது. பரிசோதகர் ஊருக்குச் சென்று கூட்டுறவின் கொள்கையைக் கற்பித்து, உறுப்பினர் அதனை உணர்ந்தபின்னரே பதிவு செய்தல் வழக்காயிற்று.

வடபகுதி இவ்வியக்கத்தில் முன்னணியில் நின்றது. யாழ்ப்பாணத்தில் 1929இல் கூட்டுறவு வங்கி தோன்றிற்று. கடன் சங்கங்களிற் பெற்ற பழக்கமே 1934இல் யாழ்ப்பாண மலையாளப் புகையிலை விற்பனவுச் சங்கத்திற்கும், அதனையடுத்து மூளாயிற் கூட்டுறவு வைத்தியசாலைக்கும் வழிகாட்டிற்று. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கிய வீ. வீரசிங்கம் வடபகுதிக் கூட்டுறவாளரின் தலைவராக உழைத்தார். யாழ்ப்பாண நகரின் வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. றைன் நாட்டிற் போலவே இங்கும் சங்கத்தின் கணக்கேடு பல ஊர்களில் ஆசிரியர் கையிலேயே இருந்தது.

இரண்டாம் உலக யுத்தம் இப்போக்கை மாற்றியது. உணவுப் பங்கீட்டிற்காக 1942 முதல் பண்டகசாலைச் சங்கங்கள் பல்கிப் பெருகின. பரிசோதகரின் நேரமும் கவனமும் அரிசி, சீனி, துணி விநியோகத்தின்பாற் சென்றன. 1957இல் பிலிப் குணவர்த்தனா அமைச்சராக இருந்தபோது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத் திட்டம் தொடங்கிற்று. 1971இல் ஆயிரக்கணக்கான சங்கங்கள் சில நூறு பெருஞ் சங்கங்களாக இணைக்கப்பட்டன. பரப்பு விரிந்தபோது ஒருவரை ஒருவர் அறிந்த சிற்றூர்ப் பிணை தளர்ந்தது. இணைப்பிற்கு உட்படாத சிக்கன கடனுதவு சங்கங்களோ கவனிப்பாரற்றுத் தேய்ந்தன.

அவற்றைப் புதுப்பித்தவர் பி. ஏ. கிரிவந்தெனியா ஆவார். கேகாலை மாவட்டத்து வல்கம என்னும் ஊரிற் செயலற்றுக் கிடந்த சங்கமொன்றை 1978இல் உயிர்ப்பித்த அவர், அயலூர்ச் சங்கத்தாரை அழைத்துக் கலந்துரையாடல்களை நடத்தினார். 1980இல் நாடளாவிய சமாசம் அமைந்தது. சணச என்னும் பெயரால் அவ்வியக்கம் அறியப்படலாயிற்று. ஊர்ச் சங்கம், மாவட்டச் சமாசம், நாட்டுச் சமாசம் என்னும் மூன்று படிகளும், கல்விக்கெனத் தனி ஏற்பாடும், 1997இல் ஓர் அபிவிருத்தி வங்கியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. நொய்வீட்டில் ஒரு நூற்றாண்டுக்கு முன் நிறுவப்பட்ட தூண்களே வேறு பெயர்களில் இங்கும் எழுந்தன.

முடிவுரை

வடக்கிலும் கிழக்கிலும் போர் மூண்ட ஆண்டுகளிற் பல சங்கங்கள் செயலிழந்தன. போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர், அவ்வெற்றிடத்தில் நுண்கடன் நிறுவனங்கள் புகுந்தன. வாரந்தோறும் வாசலுக்கு வந்து தவணை கேட்ட அந்நிறுவனங்களின் கடனைக் கட்டவியலாது பெண்கள் பலர் இடர்ப்பட்டனர். 2018இல் அரசாங்கமே தலையிட்டு, வறட்சியுற்ற மாவட்டங்களின் பெண்கள் பெற்ற சிறு கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. கடன் கொடுப்போர் அவ்வூரார்க்கு அயலாராகவும், கணக்கு அவர்கள் கண்ணுக்குப் படாததாகவும் இருந்தமை இத்துன்பத்திற்குரிய காரணங்களுள் ஒன்றெனலாம். ஊர்க் கடன் சங்கம் இவ்விரு குறையையும் நீக்கவல்லது. ஆயின், அது தாங்குவாரின்றித் தானே நிற்கவல்லதன்று.

அத்துணை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கும் வரலாறு விடை தருகின்றது. காரியதரிசியும் தனாதிகாரியும் பதவியேற்குமுன் கணக்குப் பயிற்சி பெறல் வேண்டும்; உறுப்பினர் அனைவரும் ஐந்தொகையை வாசித்தறியும் அளவிற்கேனும் கற்றல் வேண்டும். பரிசோதகர் ஆண்டு தவறாது வந்து, குற்றத்தைக் குறித்ததோடு திருத்தும் வழியையும் காட்டல் வேண்டும். அப்பரிசோதகரை அனுப்பும் சமாசம், சிறு சங்கங்கள் தாமே கட்டணஞ் செலுத்தி வளர்ப்பதாக இருத்தல் வேண்டும். அரசாங்கத்தின் கை ஊன்றுகோலாக இருக்கலாம், காலாக இருத்தலாகாது. இப்பணிகளுள் முதலாவது பள்ளியைச் சார்ந்தது. கூட்டு வட்டியும் பேரேடும் வகுப்பறையிற் கரும்பலகையில் எழுதப்படும்போதே, பின்னொரு நாள் ஊரின் பணத்தைக் காக்கப்போகும் கணக்காளன் உருவாகின்றான்.