மயிலாப்பூர்க் கருத்தரங்கும் தரமணிக் கண்ணாடியும்

ஒரு ரகசியத்தைப் பலரிடம் பங்கிட்டு, போதிய எண்ணிக்கையினர் ஒன்றுகூடினால் மட்டுமே அது வெளிப்படுமாறு செய்யும் கணித முறையை 1979இல் அடி ஷமீரும் ஜார்ஜ் பிளேக்லியும் தனித்தனியே வகுத்தனர். அந்த ஏற்பாட்டையே குவாண்டம் பின்னலைக் கொண்டு, அதாவது துகள்கள் எவ்வளவு விலகியிருந்தாலும் ஒவ்வொன்றின் நிலையையும் தனித்துச் சொல்ல முடியாதபடி அவற்றுக்கிடையே நிலவும் உறவைக் கொண்டு, மூன்று பேருக்கிடையே நிகழ்த்தலாம் என்றும், ஒட்டுக்கேட்பவர் அந்த உறவைக் குலைத்துத் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுவார் என்றும் 1999இல் ஹில்லரி, புழெக், பெர்த்தியோம் ஆகியோர் நிறுவினர். ஆயினும் கையிலுள்ள ஒளிக்கற்றைகள் உண்மையிலேயே பின்னியுள்ளனவா என்று சோதிக்க வழியில்லையெனில் இந்தப் பாதுகாப்புக்கு அடித்தளமே இல்லை. அத்தகைய சோதனைகளில் மிக அழகான ஒன்று சென்னைத் தரமணியில் பிறந்தது.

அதன் பூர்வகதை மயிலாப்பூரில் தொடங்குகிறது. அரசியலமைப்பு வரைவுக்குழு உறுப்பினர் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் இல்லமான ஏகாம்ர நிவாஸில் அவருடைய மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் இளம் மாணவர்களுக்காக நடத்திய கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கை 1960இல் சென்னைக்கு வந்த நீல்ஸ் போர் மனமாரப் பாராட்டினார். அந்தப் பாராட்டு அரசின் கவனத்தை ஈர்க்க, 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் உதயமானது. ஒரு வீட்டுக் கூடத்தில் கூடிய ஆர்வம் இரண்டே ஆண்டுகளில் ஒரு நிறுவனமானது, இந்திய அறிவியல் வரலாற்றில் எளிதில் காணக்கிடைக்காத நிகழ்வு. லேசர் ஒளியின் குவாண்டம் விளக்கத்துக்கு 1963இலேயே வழிவகுத்த இ. சி. ஜார்ஜ் சுதர்சன், 1980களில் இதன் இயக்குநராக இருந்தார்.

தரமணியில் உள்ள இந்நிறுவனத்தின் ஆர். சைமன் 2000இல் வெளியிட்ட கட்டுரையே மேற்சொன்ன சோதனையை வழங்கியது. இரு தரப்பினர் பகிரும் நிலையைக் குறிக்கும் அணியில் ஒருவரின் பகுதியில் மட்டும் நிரைகளையும் நிரல்களையும் இடம்மாற்ற, இயற்கையில் இருக்கவியலாத ஒரு நிலை கிடைத்தால் அங்கே பின்னல் உண்டு என்று 1996இல் பெரெஸும் ஹொரோடெக்கிகளும் காட்டியிருந்தனர். ஒளியலைகளைப் பொறுத்தவரை அந்த இடமாற்றம் ஒரு கண்ணாடிப் பிரதிபலிப்பே என்பது சைமனின் கண்டுபிடிப்பு: ஒரு தரப்பின் உந்தத்தை மட்டும் எதிர்க்குறியாக்கிப் பார்க்கும்போது நிச்சயமின்மை விதி மீறப்பட்டால் பின்னல் உறுதியாகிறது, காஸ் வகை ஒளிக்கற்றைகள், அதாவது ஏற்றத்தாழ்வுகள் மணிவடிவப் பரவலில் அமையும் கற்றைகள், இரண்டு மட்டும் இருக்கும்போது, மீறப்படாவிட்டால் பின்னல் இல்லை என்பதும் அதே அளவுக்கு உறுதி. பலர் பங்குகொள்ளும் ஏற்பாட்டில் ஒருவரை ஒரு பக்கமும் ஏனையோரை மறுபக்கமும் நிறுத்தி இதே சோதனையைச் செய்யலாம். இத்தகைய ஒளிக்கற்றைகளைக் கொண்டு மூவருக்கிடையே ஒரு குவாண்டம் நிலையைப் பங்கிடும் சோதனையை 2004இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தினர் நிகழ்த்தினர்.

தேசிய குவாண்டம் திட்டத்தின்கீழ் குவாண்டம் தொலைத்தொடர்புக்கான மையம் 2024இல் அறிவிக்கப்பட்டபோது, அதை ஏற்று நடத்தும் பொறுப்பு, தரமணிக்கு அருகிலேயே உள்ள சென்னை ஐஐடிக்கு வழங்கப்பட்டது.