டிக்கன்ஸ் மறைத்த இளமைக் கதை

‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ என்னும் நாவலைச் சுருக்கப் பதிப்பாகவேனும் பள்ளி நாட்களில் படித்தவர் நம்மில் பலர். தாயை இழந்த சிறுவன் மாற்றாந்தகப்பனால் கூலி வேலைக்குத் தள்ளப்படும் பகுதியைக் கண் கலங்க வாசித்தோம். அது ஆசிரியரின் சொந்த அனுபவம் என்பதை அன்று அறியோம். 1849 மே முதல் 1850 நவம்பர் வரை அதனை மாதப் பகுதிகளாக வாங்கிப் படித்த ஆங்கில மக்களும் அறியார்.

டிக்கன்ஸின் தந்தை ஜான், கடற்படைச் சம்பள அலுவலகத்துக் குமாஸ்தா. போர்ட்ஸ்மத், லண்டன், சாத்தம், மீண்டும் லண்டன் என்று உத்தியோகத்தின் பொருட்டுக் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தவர். மாற்றலின் சுகதுக்கங்களை வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வரவை மிஞ்சிச் செலவு செய்த அவர், 1824 பிப்ரவரியில் 40 பவுன் 10 ஷில்லிங் கடனுக்காக மார்ஷல்ஸீ சிறையில் அடைபட்டார். அதற்குச் சில நாட்கள் முன்புதான் பன்னிரண்டு வயதுச் சார்ல்ஸ், தேம்ஸ் நதிக்கரையில் எலிகள் மலிந்த பழங்கட்டிடம் ஒன்றில், பூட்ஸுக்குப் பூசும் கறுப்பு மை தயாரிக்கும் தொழிற்சாலையில் சேர்க்கப்பட்டிருந்தான். மை ஜாடிகளைக் காகிதத்தால் மூடிக் கட்டி, சீட்டு ஒட்டுவது வேலை. வாரக்கூலி 6 அல்லது 7 ஷில்லிங். பின்னர்த் தாயும் இளைய குழந்தைகளும் சிறைக்குள்ளேயே தந்தையுடன் குடியேறினர். சார்ல்ஸ் வெளியே தனியே தங்கினான்.

ஒரு நாள் அவனுக்கு விலாவில் கடும் வலி கண்டது. பாப் ஃபேகின் என்னும் உடன்வேலைச் சிறுவன், வெந்நீர் நிரப்பிய குப்பிகளால் அரை நாள் ஒத்தடம் கொடுத்தான். மாலையில், வீடு வரை துணைக்கு வருவேன் என்று பிடிவாதம் பிடித்தான். சிறை விஷயம் தெரிந்துவிடுமே என்று அஞ்சிய சார்ல்ஸ், சவுத்வார்க் பாலத்தருகே யாருடைய வீட்டு வாசற்படியிலோ நின்று, இதுவே தன் வீடு என்று கூறி விடைபெற்றான். நண்பன் திரும்பிப் பார்த்தால் ஐயுறாதிருக்கக் கதவையும் தட்டினான். திறந்த பெண்மணியிடம், ‘ராபர்ட் ஃபேகின் வீடு இதுதானா?’ என்று கேட்டுவைத்தான்! அத்துணை அன்பு காட்டியவனின் பெயரையே பிற்காலத்தில் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலின் திருடர் தலைவனுக்குச் சூட்டினார் டிக்கன்ஸ். இது நன்றி மறந்த செயலோ, ஆறாத புண்ணின் வேகமோ, நம்மால் துணிந்து கூற இயலவில்லை.

சில மாதங்களில் தந்தை விடுதலையானார். பின்னர் உறவினருடன் மூண்ட சச்சரவால் பையனின் வேலை நின்றது. தந்தை பள்ளிக்கு அனுப்ப எண்ணினார். தாயோ சமாதானம் பேசி அவனை மீண்டும் வேலைக்கே அனுப்ப முயன்றாள். தந்தையின் சொல் வென்றது. தாயின் அந்த முயற்சியை மட்டும் டிக்கன்ஸ் இறுதிவரை மறந்தாரில்லை.

1847-இல் நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் தற்செயலாக இதுபற்றி வினவியபோது, டிக்கன்ஸ் சில நிமிடங்கள் வாய் திறக்கவில்லை. பின்னரே அவரிடம் உண்மையைச் சொன்னார். வாசகர்களுக்கு அது தெரிந்தது, டிக்கன்ஸ் 1870-இல் மறைந்தபின், ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலமே.

அதை அறிந்து நாவலைத் திரும்பப் படிக்கையில் வேறொன்று புலனாகிறது. தந்தையின் கடனும் சிறைவாசமும் மிக்காபர் என்னும் வேடிக்கை மனிதரிடம் சென்று சேர்ந்துள்ளன. அவரை நாம் சிரித்துக்கொண்டே மன்னிக்கிறோம். சிறுவனை வேலைக்கு அனுப்பிய பழி மாற்றாந்தகப்பன்மேல் விழுகிறது. டேவிட்டின் தாயோ, அவன் வேலைக்குச் செல்லுமுன்பே இறந்துவிடுகிறாள். டிக்கன்ஸின் தாய் எலிசபெத் 1863 வரை உயிரோடிருந்தாள்.