நாவில் நின்ற வேதம்

திருப்பெரும்புதூர் இராமாநுசர் தோன்றிய ஊர். ஆழ்வார்களின் அருளிச்செயலை வடமொழி வேதத்தோடு ஒப்பவைத்துப் போற்றும் உபயவேதாந்த மரபில் அவருக்குத் தனியிடம் உண்டு. திருவாய்மொழிக்கு முதல் உரையாகிய ஆறாயிரப்படி அவர் ஆணையால் எழுந்ததென்பர். வேதம் தமிழிலும் இருக்கலாம் என்னும் கொள்கைக்கு உரமூட்டிய மண் இது.

அம்மண்ணில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பெற்றது. நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் வேலை தேடி வந்தோருள் கிறித்தவரும் உளர். ஞாயிறு ஆராதனைக்குப் பணிமுறை இடந்தராத வாரங்களில், விடுதி அறையில் பாயை விரித்து, மனப்பாடமான ஒரு சங்கீதத்தைச் சொல்லி உறங்கச் செல்வோர் அவர்கள். அவ்வேண்டுதலின் தமிழ் எவ்வாறு உருவாயிற்று? மொழிபெயர்ப்பாளர் வரலாறாகவே பெரிதும் எழுதப்பெற்றுள்ள வேதாகம வரலாற்றை, வேண்டிக்கொண்டோர் பக்கம் நின்று நோக்கினால் விடை புலப்படும்.

தமிழில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று, 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. பதினாறு பக்கங்களே கொண்ட அதனை ஆக்கியவர் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்றீக்கே என்றீக்கசு அடிகளார். அது மனப்பாடத்திற்குரிய நூல். படிப்போர் சிலரேயாயினும் சொல்வோர் பலராயினர். முழு மறைநூலைத் தமிழாக்கும் முயற்சி பின்னரே வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது.

அடுத்து வந்த பெப்ரீசியுஸ், சென்னை வேப்பேரியில் பல்லாண்டுகள் உழைத்தவர். தம் மொழிபெயர்ப்பைக் கற்றாருக்கும் கல்லாதாருக்கும் உரக்கப் படித்துக்காட்டி, கேட்டோர் தடுமாறிய இடங்களைத் திருத்தினார் என்பர். எழுத்துக்கு முன் செவியை நம்பிய இம்முறையே அவர் நூலின் ஆயுளை நீட்டியது எனலாம். அதனைப் பின்வந்தோர் 'பொன் மொழிபெயர்ப்பு' என்று போற்றினர்.

செவிக்குப் பழகிய சொல்லை மாற்றுவது எளிதன்று என்பதற்குக் கடவுளைக் குறிக்கும் சொல்லே சான்று. சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பெப்ரீசியுஸ் 'பராபரன்' என்றார். 1871இல் போவர் தலைமையில் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு வழக்கைக் கிளப்பியது. தமிழறிஞர்க்கு அது சொல்லாராய்ச்சி. வேண்டுவோர்க்கோ நாடோறும் அழைத்த பெயரை மாற்றச் சொல்வது.

பாளையங்கோட்டை இரேனியுஸ் பெப்ரீசியுஸின் தமிழைத் திருத்த முற்பட்டபோது தஞ்சையிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர். சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்றவர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். மக்கள் நெஞ்சிற் பதிந்த மொழியைக் குலைத்தல் தகாது என்பது அவர் வாதம். இவ்வாதம் கவிஞருக்கு இனிக்கும். ஆயினும் அதன் மறுபக்கத்தையும் கூறுதல் கடன். திருச்சபையில் சாதிவழி இருக்கை வேற்றுமையை ஒழிக்க முயன்றதையும் அவர் அதே மூச்சில் எதிர்த்தார். பழகியது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. சொல்லில் பழக்கம் அன்பாக நிற்கலாம். இருக்கையில் அதுவே தீங்காகலாம். இரண்டையும் பிரித்தறிய அப்பெருங்கவிஞரால் இயலவில்லை.

அவ்வேற்றுமையின் சுமையைத் தாங்கியோர் இப்பகுதியிலேயே வாழ்ந்தனர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரிகளில் எழுத்தறிவும் நிலவுரிமையும் மறுக்கப்பெற்றோர் நிலையை 1891இல் ஆட்சியர் திரமென்கீர் அரசுக்கு எழுதினார். 1892இல் நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் கௌடி, செங்கல்பட்டில் ஆண்ட்ரூ ஆகிய மிஷனரிமாரும் அம்மக்களுக்காக வாதாடினர். இத்தகையோருக்கு வேதாகமம் பெரும்பாலும் முதலில் மனப்பாடமாகவும் பின்னரே புத்தகமாகவும் வந்தது. பள்ளி வாயில் மூடியிருந்தவர்க்கு ஒரு வசனத்தைத் தாமே எழுத்துக்கூட்டிப் படித்த நாள், பக்தியோடு மானமும் பெற்ற நாளாகும்.

புலமை மட்டும் ஒரு மொழிபெயர்ப்பை வாழ்விப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் ஐயர் மேற்கொண்ட பணிக்கு ஆறுமுக நாவலர் துணைநின்றார். அவர்தம் உரைநடை வன்மையை அறியாதார் இலர். எனினும் 1850இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பைத் தமிழகத்துச் சபைகள் ஏற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் லார்சன், மொனகன் முதலியோர் திருத்தம் 'கடவுள்' என்னும் நல்ல தமிழ்ச்சொல்லைக் கொணர்ந்தது. அறிஞர் பாராட்டினர், புராட்டஸ்தாந்து மக்களோ 1871இன் நூலையே கையில் வைத்துக்கொண்டனர்.

கத்தோலிக்கரிடை வேறொரு போக்கைக் காண்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962-65) பின் இலத்தீன் பூசை தமிழாயிற்று. வழிபாடே புதிதானபோது புதுச்சொல்லும் உடன் நுழைந்தது. 'சர்வேசுரன்' மெல்ல விலக, 'இறைவன்', 'கடவுள்' என்பன வழக்காயின. இரு சபையாரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது; அது கத்தோலிக்க வழிபாட்டில் நிலைபெற்றது. ஆகவே மக்கள் புதுச்சொல்லை வெறுப்பவர் அல்லர். அச்சொல்லைச் சொல்லி வேண்டுதற்கு ஒரு வேளையும் இடமும் அமையும்போது ஏற்றுக்கொள்கின்றனர்.

வழக்கும் செய்யுளும் மொழிக்கு இரு கால்கள் எனக் கண்டது தமிழ் இலக்கணம். மறைநூலும் அவ்விரண்டால் நடப்பதே. ஆண்டுப் பிறப்பில் எடுக்கும் வாக்குத்தத்த வசனம், மாலைக் குடும்ப ஜெபம், இழவு வீட்டில் பாடும் கீர்த்தனை, எதிர்ப்பட்டோர்க்குச் சொல்லும் 'ஸ்தோத்திரம்' ஆகியனவே அதன் நடைபாதைகள். ஒரகடத்து விடுதியில் இளம்பெண் ஒருத்தி கைப்பேசியில் திறக்கும் வேதாகமமும் பெரும்பாலும் 1871இன் தமிழே. அதில் அவளுக்கு விளங்காத சொற்கள் சில இருக்கலாம். ஆயினும் அவள் தாய் அச்சொற்களைச் சொல்லித்தான் அவளை உறங்கவைத்தாள். அவள் தன் மகளுக்கு எச்சொற்களைத் தருவாள் என்பதை எந்த மொழிபெயர்ப்புக் குழுவும் தனித்து முடிவு செய்துவிட முடியாது.