எல்லை கடந்த குற்றமும் எல்லை கடந்த காவலும்

ஒரு நாட்டின் சட்டம் அந்நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது. போலீஸ் அதிகாரி தம் கையிலுள்ள ஆணைச் சீட்டுடன் எல்லைக் கோடு வரை செல்லலாம்; அதற்கு அப்பால் அச்சீட்டு வெறும் காகிதமே. கம்பி வழியாகவும் அலை வழியாகவும் செல்லும் படத்துக்கோ எல்லைக் கோடு கிடையாது. ஒரு நாட்டில் ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை இழைக்கப்படுகிறது. அதைப் பதிவு செய்த படம் வேறொரு நாட்டிலுள்ள கணிப்பொறியில் சேமிக்கப்படுகிறது. மூன்றாவது நாட்டிலிருப்பவன் அதைப் பரப்புகிறான். முடிவில் அது பெங்களூர் ஆஸ்டின் டவுனில் யாரோ ஒருவருடைய கைபேசியில் வந்து விழவும் கூடும். அதைக் கண்டு பதறுகிறவர் யாரிடம் முறையிடுவது? அம்முறையீடு கடல் கடந்து உரியவர் கைக்குச் சேர்வது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு உலகம் படிப்படியாகக் கண்ட விடையின் வரலாற்றையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

இணையம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இத்தகைய சிக்கல் எழுந்ததுண்டு. தபாலும் புகைப்படமும் வளர்ந்த காலத்தில் ஆபாசப் பிரசுரங்கள் ஓர் ஊரில் அச்சாகி மற்றோர் ஊரில் விற்பனையாயின. 1910ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரில் பல அரசுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. ஒவ்வோர் அரசும் இவ்விஷயத்துக்கென ஓர் அலுவலகத்தைக் குறிப்பிட வேண்டும். அவ்வலுவலகம் பிற நாடுகளின் அலுவலகங்களோடு நேரடியாகவே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இந்த ‘நேரடியாக’ என்ற சொல்லே முக்கியமானது. தூதரகம், வெளிநாட்டு மந்திரி காரியாலயம் என்று பல படி ஏறி இறங்கும் தாமதத்தை அது நீக்கிற்று. 1923ஆம் ஆண்டு செப்டம்பரில், சர்வதேச சங்கத்தின் ஆதரவில், ஜினீவாவில் இன்னும் விரிவான ஒப்பந்தம் உருவாயிற்று. அதைச் செயல்படுத்தும் பொருட்டு 1925இல் இந்தியாவில் ஒரு சட்டம் பிறந்து, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292, 293ஆம் பிரிவுகளைத் திருத்தியமைத்தது.

அவ்வொப்பந்தங்கள் பிரசுரத்தைக் கண்டன; அதில் சிக்கிய குழந்தையைத் தனியே காணவில்லை. இணையம் பரவிய பிறகே அந்தப் பார்வை கூர்மையடைந்தது. 1996இல் பிரிட்டனில், இணைய சேவை நிறுவனங்களின் முயற்சியால் ‘இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷன்’ என்னும் ஸ்தாபனம் தோன்றியது. ஹாட்லைன் என வழங்கும் புகார் நிலையங்களுள் இதுவும் ஒன்று. இணையத்தில் இத்தகைய படத்தைக் கண்ட எவரும் அதன் முகவரியைத் தெரிவிக்கலாம், படம் அகற்றப்படும். தொடக்க ஆண்டில், தெரியவந்த இத்தகைய படங்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு பிரிட்டனிலேயே சேமிக்கப்பட்டிருந்தது. 2003க்குள் அது ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கியது என அந்த ஸ்தாபனம் அறிவித்தது. வெற்றிதான். எனினும் உலகில் படங்கள் ஒழிந்துவிடவில்லை. பிற நாடுகளின் கணிப்பொறிகளில் அவை இருந்துகொண்டேயிருந்தன. தன் வீட்டுக் குப்பையைத் தெருவில் தள்ளினால் தெரு தூய்மையாகுமா?

ஆகவே புகார் நிலையங்கள் கைகோக்க வேண்டியதாயிற்று. 1999இல் ஐரோப்பிய யூனியனின் பொருளுதவியுடன் ‘இன்ஹோப்’ என்ற சர்வதேசச் சங்கம் அமைந்தது. ஒருசில நிலையங்களோடு தொடங்கிய அச்சங்கத்தில் இன்று ஐம்பதுக்கும் மேற்பட்டவை அங்கம் வகிக்கின்றன. அவை வேலை செய்யும் முறை எளிது. ஒரு நாட்டில் புகார் வருகிறது. பயிற்சி பெற்ற ஆய்வாளர் அதைப் பரிசீலித்து, படம் எந்நாட்டுக் கணிப்பொறியில் உள்ளது எனக் கண்டறிகிறார். அந்நாட்டின் நிலையத்துக்குத் தகவல் அனுப்புகிறார். அங்குள்ளவர்கள் தம் போலீசாருக்கும், படத்தை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் அறிவிக்கிறார்கள். 1910இன் ‘நேரடிக் கடிதம்’ இங்கே புத்துயிர் பெற்றதைக் காண்கிறோம்.

2009இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ஹானி ஃபரீத் என்ற பேராசிரியரும் சேர்ந்து ‘ஃபோட்டோ டி.என்.ஏ.’ என்னும் உபாயத்தை உருவாக்கினர். மனிதனுக்குக் கைரேகை போல ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண்கோவையை இது அமைக்கிறது. ஒருமுறை அடையாளம் காணப்பட்ட படம் மீண்டும் எங்கு தலைகாட்டினாலும், மனிதக் கண் அதைப் பார்க்காமலே இயந்திரம் கண்டுகொள்கிறது. அதே ஆண்டில் இன்டர்போல் ஸ்தாபனமும் இத்தகைய படங்களுக்கான சர்வதேசத் தரவகத்தைத் தொடங்கியது. படத்தை அகற்றுவதோடு நில்லாது, படத்திலுள்ள குழந்தை யார், எங்கே என்று தேடிக் காப்பாற்றுவது அதன் நோக்கம்.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 1996இல் பம்பாயில், டாட்டா சமூக விஞ்ஞானக் கழகத்தின் ஆதரவில், ஜெரூ பில்லிமோரியா அம்மையார் துன்புறும் குழந்தைகளுக்காக 1098 என்னும் தொலைபேசி உதவியைத் தொடங்கினார். அம்முயற்சியின் அனுபவத்திலிருந்தே 2003இல் உலகளாவிய குழந்தை உதவித் தொலைபேசிச் சங்கம் பிறந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. இணையக் குற்றங்களை விசாரிப்பதற்கென்றே தனிப் போலீஸ் நிலையம் 2001இல் பெங்களூரில் ஏற்பட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு 2009இலும், போக்சோ சட்டம் 2012இலும் அமலுக்கு வந்தன. 2016இல் மும்பையைச் சேர்ந்த ‘ஆரம்ப் இந்தியா’ என்ற அமைப்பு, பிரிட்டனின் புகார் நிலையத்தோடு இணைந்து ஒரு புகார் வாயிலைத் திறந்தது. 2018இல் மத்திய அரசே இணையவழிப் புகாருக்கு ஏற்பாடு செய்தது.

1998 முதல் அமெரிக்காவில், காணாமற்போன குழந்தைகளுக்கான தேசிய மையம் இணையப் புகார்களைப் பெற்று வருகிறது. தம் சேவைகளில் இத்தகைய படங்கள் இருப்பதை அறிந்த அமெரிக்க நிறுவனங்கள் அம்மையத்துக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். 2019 ஏப்ரலில் அம்மையத்துக்கும் நமது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்த ஓராண்டில் மட்டும் மையத்துக்கு வந்த அறிக்கைகள் ஏறத்தாழ 1 கோடியே 69 லட்சம். அவற்றுள் இந்தியாவைச் சுட்டியவை சுமார் 19 லட்சத்து 87 ஆயிரம். ஒரே படம் பலமுறை பரிமாறப்பட்டால் பல அறிக்கைகள் எழும்; ஆதலால் இதனைக் குற்றவாளிகளின் தொகையாகக் கொள்ளலாகாது. எனினும், எண்ணின் பாரம் எண்ணித் துணுக்குறத்தக்கதே.

அவ்வாறு வந்த தகவலொன்று 2020 ஜனவரியில் சென்னையிலுள்ள அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தை அடைந்தது. அவ்வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதை எதிர்த்துக் குழந்தைகள் உரிமைக்கான அமைப்புகள் மேல்முறையீடு செய்தன. 2024 செப்டம்பர் 23ஆம் நாள், தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பார்திவாலா ஆகியோர் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை நீக்கி வழக்கை உயிர்ப்பித்தனர். ‘குழந்தை ஆபாசம்’ என்ற சொல்லையே நீதிமன்றங்கள் கைவிட வேண்டும். அது சுரண்டலையும் கொடுமையையும் காட்டும் பொருள் என்றே அழைக்கப்பட வேண்டும் என்றும் கூறினர். சொல் மாறினால் பார்வை மாறும். 1925இல் பிரசுரத்தைக் கண்ட சட்டம், நூறாண்டு நெருங்கும் வேளையில் குழந்தையைக் கண்டது.

எனினும் இவ்வேற்பாடு முழுமையடைந்துவிட்டதெனச் சொல்வதற்கில்லை. கடிதங்களை மூடி முத்திரையிட்டதுபோல் செய்திகளைச் சங்கேதமாக்கும் முறை மக்களின் அந்தரங்கத்தைக் காக்கிறது. அதுவே குற்றவாளிக்கும் திரையாகிறது. இரண்டையும் எவ்வாறு இசைவிப்பது என்பது நாடுகள் பலவற்றில் தீராத விவாதம். தவிரவும், அறிக்கைகளைப் பார்த்துத் தரம் பிரிப்போர் மனிதரே. அவர்களுடைய கண்ணும் மனமும் படும் வேதனைக்கும் உதவி வேண்டும்.

இத்தனை நீண்ட சங்கிலிக்கும் முதற்கண்ணி சாதாரணக் குடிமகனே. கன்னட அகராதி தந்த கிட்டலின் பெயரையும் பெற்ற ஆஸ்டின் டவுன் போன்ற பகுதியில், பல மொழியினர் அண்டை அயலாராய் வாழ்கின்றனர். அங்கே ஒருவருடைய கைபேசிக்கு ஒரு கொடுமைப் படம் வருகிறது. “இந்தப் பாதகனைப் பிடியுங்கள்” என்று நல்லெண்ணத்தோடு அவர் அதை நாலு பேருக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணம் நல்லதே; விளைவோ கொடிது. ஒவ்வொரு பிரதியும் அக்குழந்தையை மறுபடியும் அவமதிக்கிறது. அனுப்பியவரும் சட்டத்தின் பிடியில் சிக்கலாம். அதை எவருக்கும் அனுப்பாமல், வந்த இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அரசின் இணையக் குற்றப் புகார் தளத்தில் தெரிவிப்பதே முறை. அங்கே பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். ஒரு குழந்தை நேரே ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.

பாரிஸில் ஒப்பந்தம் எழுதியோர் ஓர் அலுவலகத்துக்கு மற்றோர் அலுவலகத்தின் விலாசத்தைத் தந்தனர். அவர்கள் வழிவந்த நிலையங்கள் இன்று அந்த விலாசத்தை நம் ஒவ்வொருவர் கையிலும் தந்திருக்கின்றன. அதைப் பயன்படுத்துவது, முகம் அறியாத ஒரு குழந்தைக்கு நாம் செய்யத்தக்க மிகச் சிறிய கடமை.