வீட்டிலிருந்து தைப்பவரும் தொழிலாளியே!

2024 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் விஸ்தாரா நிறுவனத்தின் விமானங்கள் அடுத்தடுத்து ரத்தாயின. ஏர் இந்தியாவுடன் இணையவிருந்த அந்நிறுவனம், தன் விமானிகளுக்குப் புதிய ஊதிய ஒப்பந்தத்தை முன்வைத்திருந்தது. மாதத்துக்கு 70 மணி நேரப் பறப்புக்கு உறுதி செய்யப்பட்டிருந்த ஊதியம், புதிய ஒப்பந்தத்தில் 40 மணி நேரத்துக்கு மட்டுமே என்றானது. விமானிகள் பலர் உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி விடுப்பெடுத்தனர். நாள்தோறும் இயக்கும் விமானங்களில் சுமார் 10 விழுக்காட்டை நிறுவனம் குறைக்க நேர்ந்தது. தலைமைச் செயல் அதிகாரியே விமானிகளை அழைத்துப் பேசினார்.

இந்த வலிமை எங்கிருந்து வந்தது? வணிக விமானி உரிமம் பெறவே 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; அதன் பிறகு குறிப்பிட்ட வகை விமானத்துக்கெனத் தனிப் பயிற்சியும் தேவை. ஒருவர் விலகினால் மறுநாளே இன்னொருவரை அமர்த்த இயலாது. வேலை கொடுப்பவரால் பல மாதங்கள் தாக்குப்பிடிக்க முடியும், வேலை செய்பவரால் ஒரு வாரம்கூட முடியாது; கூலிப் பேரத்தின் முடிவை இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது என்று ஆடம் ஸ்மித் 1776-இலேயே விளக்கினார். விமானிகள் இதற்கு விதிவிலக்கு. பாலாற்றுப் படுகையில் காலணி தைக்கும் பெண்களோ இந்த விதிக்கு முழுமையாக உட்பட்டவர்கள்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் பகுதி, 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னர் மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதற்கு 1970-களில் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுமையாகப் பதனிட்ட தோலாகவும் காலணியாகவும் மாற்றி அனுப்பினால் உள்நாட்டில் வேலைவாய்ப்பு பெருகும் என்பது நோக்கம். அது நிறைவேறியது. பதனிடும் ஆலைகளில் ஆண்களின் தொழிலாக இருந்தது, காலணி ஆலைகள் பெருகியபோது பெரும்பாலும் பெண்களின் தொழிலாக மாறியது.

ஆலைக்குள் பணிபுரியும் பெண்ணுக்கு வருகைப் பதிவேடு, வருங்கால வைப்புநிதி, இஎஸ்ஐ அட்டை ஆகியவை இருக்கின்றன. குறைந்தபட்ச ஊதியத்துடன் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் தேதி விலைவாசிப் புள்ளியை ஒட்டிப் பஞ்சப்படி உயர்கிறது. சங்கம் இருக்கும் இடத்தில் நிர்வாகத்துடன் ஒப்பந்தமும் உண்டு. ஆனால், தொழில் வட்டாரத்தில் 'அப்பர்' எனப்படும் காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் வேலையில் ஒரு பகுதி, முகவர்கள் வழியே வீடுகளுக்குச் செல்கிறது. அங்கே ஜோடிக்கு இவ்வளவு என்பதுதான் கணக்கு. கூலியைச் சொல்பவர் முகவர். பேரம் பேசினால் மூட்டை அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பொருளைப் பெற்றுச் சென்று தன் வீட்டில் வேலை செய்து கொடுப்பவரையும் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வெளிப்படையாகவே சேர்த்திருந்தது. உருப்படிக் கணக்கில் கூலி பெற்றாலும் நேரக் கணக்கிலான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையக் கூடாது என்று அதன் 17-ஆவது பிரிவு கூறியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அச்சட்டத்தின் இடத்தைப் பிடித்துள்ளது. உருப்படிக் கூலிக்கான பாதுகாப்பு அதிலும் தொடர்கிறது. ஆனால், வீட்டிலிருந்து வேலை செய்பவரைப் பெயர் சொல்லிச் சேர்த்த சொற்றொடர் அதன் வரையறையில் இல்லை. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இவர்களைக் குறிப்பிட்டாலும், அது நலத்திட்டங்களுக்கானது, கூலிக்கானது அன்று. வீட்டுவேலைத் தொழில் குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1996-ஆம் ஆண்டு உடன்படிக்கையையும் (எண் 177) இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை.

இந்த விடுபடலின் விளைவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். நாளொன்றுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 500 ரூபாய் என்றும், பழகிய கை 8 மணி நேரத்தில் 20 ஜோடி தைக்கும் என்றும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். ஜோடிக்கு 25 ரூபாய் கிடைத்தால்தான் சட்டம் நிறைவேறும். முகவர் 10 ரூபாய் கொடுத்தால், அதே 500 ரூபாயை ஈட்ட அந்தப் பெண் 50 ஜோடி, அதாவது 20 மணி நேரம் தைக்க வேண்டும். ஆக, ஒரு ஜோடி தைக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை அளந்து கூலியை அறிவிக்காத வரையில், குறைந்தபட்ச ஊதியம் இவர்களுக்கு ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஏற்றுமதியாளர்களின் இடர்ப்பாடும் உண்மையானதே. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது விதித்த 50 விழுக்காடு வரி ஆம்பூர் ஆலைகளையும் தாக்கியது. வெளிநாட்டுக் கொள்முதல் நிறுவனங்கள் விலையைக் குறைக்கச் சொல்கின்றன. வியத்நாமின் போட்டியும் கடுமையானது. ஆனால், கூலியைக் குறைத்து விலையைக் குறைப்பவர் இருக்கும் வரையில், நேர்மையாகக் கூலி கொடுக்கும் உற்பத்தியாளர்தான் முதலில் ஆர்டரை இழப்பார். அனைவருக்கும் பொதுவான கூலி வரம்பு அவருக்கும் பாதுகாப்பு. வெளிநாட்டு நிறுவனத்திடம் விலை பேசும்போது அவர் காட்டத்தக்க ஆதாரமும் அதுவே.

தமிழக அரசு செய்யக்கூடியவை எட்டாத் தொலைவில் இல்லை. வீட்டிலிருந்து தைப்பவர்களுக்கும் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தும் என்று விதிகளிலும் அறிவிக்கையிலும் ஐயத்துக்கு இடமின்றிக் குறிப்பிட வேண்டும். நேர ஆய்வு நடத்தி ஜோடிக்கான கூலியை நிர்ணயிக்க வேண்டும். கொடுத்த ஜோடிகளும் கூலியும் பதிவான சீட்டை முகவர் வழங்குவதையும், அவர் தவறினால் ஆலையே பொறுப்பேற்பதையும் கட்டாயமாக்க வேண்டும். காலணி, தோல் பொருள் தொழிலாளர்களுக்கென நலவாரியம் ஏற்கெனவே உள்ளது. அதன் பதிவேட்டையே இதற்குத் தொடக்கமாகக் கொள்ளலாம். மாநில ஊதிய ஆலோசனை வாரியத்தில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது புதிய தொகுப்பு. அவர்களில் ஒருவராவது வீட்டில் தைப்பவராக இருக்கட்டும்.

விமானி விடுப்பெடுத்தால் விமான நிலையமே அறிகிறது. பேரணாம்பட்டில் ஒரு பெண் ஊசியைக் கீழே வைத்தால் அறிவோர் எவருமில்லை. வேலையை நிறுத்தி நியாயம் பெறும் வலிமை இல்லாதோருக்காகவே குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பிறந்தது. அவர்களையே அது கைவிடலாகாது.