பேரேட்டின் இருபுறமும் இணை அணிகளா? தேவகோட்டைக் கணக்குமுறையை நிரலாக்குவதில் ஒரு வாசிப்புச் சிக்கல்

செட்டிநாட்டு நகரத்தாரின் பேரேட்டைக் கணினியில் ஏற்ற முனைவோரிடையே ஒரு வாசிப்பு எளிதில் ஏற்கப்பட்டுவிடுகிறது. வரவு ஓர் அணி (array), பற்று இன்னோர் அணி. பிஎச்பி நிரல்மொழியில் ஒரே சுட்டெண்ணைக் கொண்டு இரண்டையும் ஒருசேரச் சுற்றிவந்தால் கணக்கு கிடைத்துவிடும் என்பது அதன் சாரம். பக்கத்தின் தோற்றம் இதற்கு இடம் தருகிறது. கணக்கின் இயல்பு இடம் தரவில்லை என்பதே என் வாதம்.

உதாரணமாக ஒரு பக்கத்தை அமைத்துப் பார்க்கலாம். வரவில் சித்திரை 1 அன்று ரூ.1,000, ஆடி 1 அன்று ரூ.500. பற்றில் சித்திரை 16 அன்று ரூ.300, வைகாசி 1 அன்று ரூ.200, ஆவணி 1 அன்று ரூ.1,000. இருபுறமும் ரூ.1,500, கணக்கு தீர்ந்தது. இதை வரவு அணியின் நீளத்துக்குச் சுற்றினால் முதல் சுற்றில் 700, இரண்டாம் சுற்றில் 300 மிஞ்சும். மூன்றாம் பற்று எட்டப்படவே இல்லை. தீர்ந்த கணக்கில் ஆயிரம் ரூபாய் நிலுவை காட்டுகிறது.

நீளக் குறையை நிரப்பினால் போதும் என்பார்கள். பிஎச்பியின் அரே_மேப் செயற்கூறு இரண்டு அணிகளைப் பெறும்போது குறைந்ததை வெற்று (null) மதிப்பால் நிரப்பிக்கொள்ளும். மல்டிபிள்இட்டரேட்டர் இயல்பாகச் சிறிய அணியோடு நின்றுவிடும், கொடியை மாற்றினால் பெரியதன் முடிவுவரை போகும். நிரப்பினால் நிலுவை சரியாகும், வட்டி சரியாகாது. சித்திரை 1 வரவும் சித்திரை 16 பற்றும் எதிரெதிரே ஒரே வரியில் நிற்பதாலேயே உறவுடையவை ஆகிவிடா. இருபுறத்தையும் இணைப்பது வரிசை எண் அன்று, நாள்.

வட்டிக்கான வழி வேறு. இரண்டு சுட்டெண்கள் வேண்டும்: வரவுக்கு ஒன்று, பற்றுக்கு ஒன்று. எந்தப் புறத்தின் நாள் முந்தியதோ அந்தப் பதிவை எடுத்து, அதுவரை நின்ற இருப்பை நின்ற நாட்களால் பெருக்கி, அந்தச் சுட்டெண்ணை மட்டும் நகர்த்த வேண்டும். மாதத்துக்கு 30 நாள் என்று வைத்தால், 1,000 ரூபாய் 15 நாள், 700 ரூபாய் 15 நாள், 500 ரூபாய் 60 நாள், மறுபடி 1,000 ரூபாய் 30 நாள். பெருக்குத்தொகை 85,500. மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியானால் ரூ.28.50. ஒரு புறம் தீர்ந்துபோனால் மறுபுறத்தை அதன் முடிவுவரை ஓட்ட வேண்டும். நிரலாளர் எளிதில் மறந்துவிடக்கூடியது இது.

எல்லா விலாசத்தாரும் (வட்டிக்கடை நிறுவனத்தாரும்) ஒரே மாதிரி எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாள் குறியாத கடன் பதிவு வட்டித் தொழிலில் செல்லாது என்பதால், முடிவு பொதுவாகவே பொருந்தும் என்று கருதுகிறேன். இரண்டு சுட்டெண் முறை வேகம் குறைந்தது என்ற ஆட்சேபம் பொருட்படுத்தத் தக்கதன்று. ஒவ்வொரு பதிவையும் ஒருமுறைதான் தொடுகிறோம்.

உண்மையான இணை அணிகள் வேண்டுமென்றால் மொய்ப்பண ஏட்டைப் பார்க்கலாம். பேரும் தொகையும் ஒரே வரியில் பிறந்தவை. அங்கே ஒற்றைச் சுட்டெண் தகும். ஆனால் அரே_கம்பைன் கொண்டு பேரைத் திறவுகோலாக்குவது ஆபத்து. பாட்டன் பெயர் பேரனுக்கு வரும் குலத்தில் ஒரே பெயரில் பலர் இருப்பர். பின்வந்தவரின் தொகை முன்வந்தவருடையதை அழித்துவிடும். பிஎச்பி 8.0 முதல் நீளம் ஒவ்வாத அணிகளுக்கு இச்செயற்கூறு பிழை எறிகிறது. பெயர் இரட்டித்தால் மௌனமாகவே இருக்கிறது. பெயருக்கு முன் நிற்கும் விலாச எழுத்துகளையும் சேர்த்தாலொழிய அது திறவுகோலாகாது.

தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் வீட்டுப் பேரேடுகளைப் பதிவேற்றுவோர், பக்கத்தின் வரிசையைக் குறிப்புக்காக வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு தொகையோடும் அதன் நாளையும் புறத்தையும் ஒரே பதிவாக எழுதிவிடட்டும். தனித்தனி அணிகளாகப் பிரித்து ஏற்றிய பக்கங்களை மூல ஏடு கையில் இருக்கும்போதே திரும்பச் சரிபார்க்க வேண்டும்.